‘ஸோல்டார்’ பேசும் பெட்டி: ஒரு திரைப்பட இயந்திரத்தை நகலெடுத்ததன் நிகழ்வு ஆய்வு

1988 ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளியான ‘பிக்’ திரைப்படத்தில், பொருட்காட்சித் திடலின் ஓரத்தில் தனியாக நிற்கும் ஒரு குறிசொல்லும் இயந்திரம் வருகிறது. பென்னி மார்ஷல் இயக்கிய அந்தப் படத்தில் இயந்திரம் தோன்றும் நேரம் மிகக் குறைவு. ஆனால் கதையைத் தொடங்கிவைப்பதும் முடித்துவைப்பதும் அதுதான். உயரம் போதாது என்று ராட்டினத்தில் ஏறவிடாமல் திருப்பி அனுப்பப்பட்ட 12 வயதுச் சிறுவன் ஜோஷ், அந்த இயந்திரத்தில் ஒரு குவார்ட்டரை, அதாவது 25 சென்ட் நாணயத்தைப் போட்டுத் தான் பெரியவனாக வேண்டும் என்று கேட்கிறான். ‘உன் விருப்பம் நிறைவேறியது’ என்று அச்சிட்ட அட்டை வெளியே வருகிறது. அதன் பிறகே அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் இணைக்கப்படவில்லை என்பதை அவன் கவனிக்கிறான். மறுநாள் காலை, பெரியவனாகிவிட்ட ஜோஷாகக் கண்விழிப்பவர் நடிகர் டாம் ஹேங்க்ஸ்.

‘ஸோல்டார் ஸ்பீக்ஸ்’ என்று பெயர் எழுதிய அந்தப் பெட்டியை முழு அளவில் நகலெடுத்த பணியை இந்த ஆய்வு விவரிக்கிறது. நகலெடுப்பவர்கள் பலர் தோற்றத்தை ஒட்டியே வேலை செய்கிறார்கள்: தலைப்பாகை, தாடி, சிவந்து ஒளிரும் கண்கள், தங்க நிற எழுத்துகள். தோற்றம் முக்கியம்தான். ஆனால் இந்த இயந்திரத்தின் உயிர் அதன் செயல் வரிசையில் இருக்கிறது என்பதே என் கருத்து. திரையில் அந்த வரிசை தனித்தனிக் காட்சித் துண்டுகளாக எடுக்கப்பட்டுத் தொகுப்பறையில் இணைக்கப்பட்டது. நாணயம் உருள்வது ஒரு துண்டு, வாய் திறப்பது இன்னொன்று, சிறுவனின் முகம் மற்றொன்று. படப்பிடிப்புக்கான பொருள் ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்தால் போதும். எதிரில் நிற்கும் மனிதருக்காகக் கட்டும் நகலோ அத்தனையையும் இடைவெட்டு இல்லாமல், ஒரே மூச்சில், ஒவ்வொரு முறையும் செய்தாக வேண்டும். பணியின் எல்லா முடிவுகளும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறந்தன.

முன்னோடிகள்

படத்திலுள்ள இயந்திரம் கற்பனைப் படைப்பு என்றாலும் அதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. சிகாகோவின் மில்ஸ் நாவல்டி நிறுவனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ‘ஜிப்ஸி’ என்ற குறிசொல்லி இன்றும் மொன்டானா மாநிலத்தின் வர்ஜினியா சிட்டியில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அட்டையைத் தள்ளுவதோடு நில்லாமல், உள்ளே மறைத்துவைத்த ஒலிப்பதிவின் வழியே வாய்விட்டுக் குறிசொன்ன அரிய வகை அது. அட்டை மட்டும் தரும் பாட்டி உருவங்கள் அதைத் தொடர்ந்து பல பத்தாண்டுகள் கேளிக்கை அரங்குகளை நிறைத்திருந்தன. 1960களில் ‘ஸோல்டான்’ என்றொரு இயந்திரமும் இருந்தது. அதில் குறியைத் தொலைபேசிக் குழலைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். பெயர் ஒற்றுமையைக் கொண்டு, படத்தின் இயந்திரத்துக்கு அதுவே தூண்டுதல் என்று பலரும் கருதுகிறார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் ஹெட்போன் மாட்டிவிட்டு எதிர்காலம் சொல்லும் ரோபோ பொம்மையைக் கண்டவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இருக்காது.

தலைப்பாகை அணிந்த ‘கிழக்கத்திய’ ஞானி என்ற உருவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது கிழக்கிலிருந்து வந்த உருவம் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘எல்லாம் அறிந்த மனிதர்’ என்று விளம்பரம் செய்துகொண்ட அலெக்சாண்டர் போன்ற அமெரிக்க மேடை மாயவித்தைக்காரர்கள் தலைப்பாகையும் பளிங்குக் கோளமுமாகச் சுவரொட்டிகளில் நிலைநிறுத்திய வேடம் அது. நகலில் முகத்தை வடிக்கும்போது இதை நினைவில் வைத்திருந்தது உதவியது. ஓர் இனத்தாரின் முகத்தை நகலெடுப்பதாக நினைத்தால் உருவம் கேலிச்சித்திரமாகிவிடும். மேடை வேடத்தை நகலெடுப்பதாக நினைத்தால், மிகையாக வரைந்த புருவமும் ஒட்டுத்தாடியும் தமக்குரிய இடத்தில் பொருந்திக்கொள்கின்றன.

ஸோல்டார் இந்த முன்னோடிகளிடமிருந்து விலகும் இடம் ஒன்று உண்டு. இது திறமையைச் சோதிக்கும் விளையாட்டும்கூட. நாணயத்தைப் போட்டதும் குறி வந்துவிடுவதில்லை. சாய்ந்த தடம் ஒன்றை உருவத்தின் வாய்க்கு நேராகத் திருப்பி, விருப்பத்தைச் சொல்லி, பொத்தானை அழுத்தி, நாணயம் உருண்டு வாய்க்குள் விழச் செய்ய வேண்டும். பெயரில் பேச்சு இருந்தாலும் படத்தின் ஸோல்டார் பேசுவதில்லை. கட்டளைகள் ஒளிரும் எழுத்துப் பலகைகளாகவே வருகின்றன. நெவாடாவின் போல்டர் சிட்டியிலுள்ள கேரக்டர்ஸ் அன்லிமிடெட் நிறுவனம் தயாரித்து இன்று பல நாடுகளின் கேளிக்கை மையங்களில் நிற்கும் ஸோல்டார்களோ வாய் ஓயாமல் பேசுபவை. அவற்றில் நாணயம் உருளும் தடம் இல்லை. நகலெடுக்கத் தொடங்குபவர் இணையத்தில் சேகரிக்கும் படங்களில் பெரும்பகுதி இந்த வணிக இயந்திரத்தின் படங்களாகவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிந்து, திரைப்படத்தின் சட்டகங்களை மட்டுமே சான்றாகக் கொள்வது என்பதே இந்தப் பணியின் முதல் முடிவு.

அளவெடுத்தல்

திரைச் சட்டகத்திலிருந்து அளவெடுக்க, அளவு ஐயமின்றித் தெரிந்த ஒரு பொருள் அதே சட்டகத்தில் இருக்க வேண்டும். நடிகரின் உயரத்தை அளவுகோலாகக் கொள்வது வழக்கம். ஆனால் அவர் இயந்திரத்துக்கு முன்னே ஓரடி தள்ளி நின்றாலே கணக்கு பிசகிவிடும். இந்தக் காட்சியில் இயற்கையாகவே இரண்டு அளவுகோல்கள் கிடைக்கின்றன. ஒன்று குவார்ட்டர் நாணயம்: விட்டம் 24.26 மி.மீ., தடிமன் 1.75 மி.மீ., எடை 5.67 கிராம். மற்றொன்று காட்சியின் முடிவில் தெரியும் அமெரிக்க மின் பிளக்: அதன் இரு தகடுகளுக்கிடையே அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. நாணயம் தடத்தில் இருக்கும் அண்மைக் காட்சியிலிருந்து தடத்தின் அளவும், அதிலிருந்து வாயின் அகலமும், அதிலிருந்து தலையின் அளவும், இறுதியாகப் பெட்டியின் அகலமும் என்று உள்ளிருந்து வெளியே அளவுகள் விரிந்தன. தொலைவு கூடக் கூடப் பிழையும் கூடும். ஆகவே பெட்டியின் வெளி அளவுகளில் ஓரிரு அங்குல வேறுபாட்டை ஏற்றுக்கொண்டு, தடம், வாய், முகம் ஆகியவற்றில் மட்டும் கறாராக இருப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. பார்ப்பவரின் கண் பெட்டியின் ஓரத்தில் தங்குவதில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் முகத்தில்தான் தங்குகிறது.

நாணயமும் தடமும்

பணியின் மிகக் கடினமான பகுதியும், என் பார்வையில் மிக அழகான பகுதியும் இதுவே. நாணயம் சரிவில் உருளும்போது அதன் ஆற்றலில் மூன்றிலொரு பங்கு சுழற்சிக்குப் போய்விடுகிறது; ஆகவே உராய்வின்றிச் சறுக்கும் பொருளின் முடுக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் அதற்குக் கிடைக்கும். 10 பாகைச் சரிவில் இந்த முடுக்கம் ஏறத்தாழ 1.1 மீ./வி². 30 செ.மீ. நீளத் தடத்தைக் கடக்க நாணயத்துக்கு 0.73 வினாடி ஆகும். தடத்தின் நுனியை அது வினாடிக்கு 0.83 மீட்டர் வேகத்தில் விட்டு வெளியேறும். சரிவை 20 பாகையாக்கினால் நேரம் ஏறக்குறைய அரை வினாடியாகக் குறைந்துவிடும். எதிரில் நிற்பவர் நாணயத்தைக் கண்ணால் பின்தொடர்ந்து, அது வாய்க்குள் போகுமா போகாதா என்று மூச்சைப் பிடித்துக்கொள்வதற்கு அந்த அரை வினாடி போதவில்லை. படத்தின் காட்சியில் இந்த உருளல் நீண்டதாகத் தோன்றுவதற்குத் தொகுப்பே காரணம். நகலில் அதே உணர்வைச் சரிவைக் குறைத்துத்தான் பெற முடியும். 10 பாகைக்கும் கீழே போனால் தடத்தில் படியும் தூசியே நாணயத்தை நிறுத்திவிடும். எனவே 10 பாகை நிலைநிறுத்தப்பட்டது.

அடுத்த கேள்வி, தடத்தின் நுனிக்கும் வாய்க்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது. சட்டகத்தில் காண்பதுபோல் தாராளமான இடைவெளி விட ஆசை எழும். ஆனால் மேற்சொன்ன வேகத்தில் 8 செ.மீ. இடைவெளியைத் தாண்டுவதற்குள் நாணயம் 6 செ.மீ. கீழே விழுந்துவிடும்; அது வாயில் விழாமல் தாடியில்தான் விழும். இடைவெளியை 3 செ.மீ. ஆக்கினால் வீழ்ச்சி 12 மி.மீ. மட்டுமே. நாணயத்தின் அடிவிளிம்பு தடத்தின் தளத்துக்கு 12 மி.மீ. கீழேயும், மேல்விளிம்பு ஏறத்தாழ 12 மி.மீ. மேலேயும் இருக்கும் நிலையில் அது உதடுகளுக்கிடையே நுழைகிறது. இருபுறமும் சிறிது இடம் விட்டுக் கணக்கிட்டால் வாய் 35 மி.மீ. திறந்தாக வேண்டும், கீழுதடு தடத்தின் தளத்துக்குக் குறைந்தது 18 மி.மீ. கீழே இருந்தாக வேண்டும். முகத்தை வடிப்பதற்கு முன்பே இந்த எண்கள் கையில் இருந்தது நல்லதாயிற்று. சிற்பத்தை முடித்துவிட்டு வாயை அறுத்துப் பெரிதாக்கினால், அந்த முகத்தில் பழைய கம்பீரம் மீளாது.

தடத்தின் பள்ளம் 2.5 மி.மீ. அகலமுடைய அலுமினியக் கால்வாய். நாணயத்தின் தடிமனைவிட முக்கால் மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக இருப்பதால் நாணயம் சாயாமல் நிமிர்ந்து உருள்கிறது. அதற்கும் மேல் தளர்வு தந்தால் நாணயம் ஒருபுறம் சாய்ந்து சுவரை உரசி வேகம் இழக்கும். தடம் அதன் பின்முனையில் ஓர் அச்சில் பொருத்தப்பட்டு, முன்பலகையிலுள்ள கைப்பிடியால் இடமும் வலமும் 15 பாகை திரும்புகிறது. 30 செ.மீ. நீளத்தில் இந்தத் திருப்பம் நுனியை ஏறத்தாழ 8 செ.மீ. நகர்த்தும். வாயின் அகலம் 5 செ.மீ. என்பதால், குறி நேர்க்கோட்டிலிருந்து நாலரைப் பாகைக்குள் இருந்தால் நாணயம் உள்ளே போகும். அதற்கு வெளியே என்றால் கன்னத்தில் பட்டுத் தெறிக்கும். இது குழந்தைக்கும் எளிது, ஆனால் கவனமின்றிச் செய்பவருக்குத் தோல்வி தரும் அளவு. விருப்பம் கேட்பவர் சிறிது முயற்சி செய்ய வேண்டும் என்பது அந்தக் காட்சியின் உள்ளியல்பு. தானாகவே நேர்ப்படுத்திக்கொள்ளும் தடம் வைக்கலாம் என்ற யோசனை இதனால்தான் கைவிடப்பட்டது.

வாய்க்குள் நுழையும் நாணயம் வினாடிக்குப் பதினொரு சுற்று என்ற வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். தொண்டை வெறும் பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் அது மோதித் திரும்பி உதட்டின் வழியே வெளியே எகிறும். தொண்டையின் பின்சுவரில் தடித்த கம்பளித் துணி ஒட்டப்பட்டது. கீழே நாணயப் பெட்டிக்குப் போகும் குழாயோ வெறும் தகரமாகவே விடப்பட்டது, ஏனென்றால் உள்ளே எங்கோ ஆழத்தில் நாணயம் விழும் ஓசை காதில் விழ வேண்டும்.

தாடை

பழைய இயந்திரங்களில் தாடையை அசைப்பது ஒரு மோட்டாரும் அதன் அச்சிலுள்ள மேடுபள்ளச் சக்கரமும்தான். சான் ஃபிரான்சிஸ்கோவின் மியூசே மெக்கானிக் அரங்கிலுள்ள பழைய பொம்மைகளின் அசைவைக் கவனித்தால், அந்தச் சக்கரம் தரும் சற்றே முரட்டுத்தனமான, மாறாத தாளம் புரியும். ஸோல்டாரின் வாய் திறந்து மூடுவதிலும் அதே தாளம் தெரிகிறது. ஆகவே மேடுபள்ளச் சக்கரமே நேர்மையான வழி என்று முதலில் தோன்றுவது இயல்பு.

அதைத் தடுத்தது நாணயத்தின் நேரக்கணக்கு. தாடை ஒன்றரை வினாடிக்கு ஒருமுறை திறந்து மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியதிலிருந்து நாணயம் உதட்டை எட்ட ஏறத்தாழ 0.77 வினாடி ஆகும். அழுத்தும் கணத்தில் தாடை எந்த நிலையில் இருக்கும் என்பது தற்செயல். எனவே சரியாகக் குறிபார்த்தவரின் நாணயமும் பாதி நேரங்களில் மூடிய பற்களில் மோதும். விளையாடுபவரின் தவறின்றி விளையாட்டு தோற்பது ஏற்கத்தக்கதல்ல. தாடை திறக்கும் வேளைக்காக நாணயத்தைத் தாமதப்படுத்தி விடுவிக்கலாம். ஆனால் பொத்தானுக்கும் நாணயத்துக்கும் இடையே ஒரு வினாடி தாமதம் வந்தாலும் கை அதை உணர்ந்துவிடும், பொத்தான் பழுது என்றே நினைக்கும். அதனால், கட்டளையிட்ட கோணத்துக்குத் திரும்பி நிற்கும் செர்வோ மோட்டார் தேர்வு செய்யப்பட்டது. காத்திருக்கும் நேரமெல்லாம் அது பழைய சக்கரத்தின் தாளத்தையே பின்பற்றி அசைகிறது. அழுத்திய கணத்தில் தாளத்தை விட்டுவிட்டு முழுமையாகத் திறந்து நிற்கிறது. உலோகப் பல்லுடைய சாதாரண செர்வோ 60 பாகையை ஏறத்தாழ 0.2 வினாடியில் கடக்கும். தாடைக்குத் தேவை அதில் மூன்றிலொரு பங்கே. நாணயம் தடத்தின் பாதியை எட்டும் முன்பே வாய் திறந்து காத்திருக்கிறது. உருவம் திடீரென்று செவிசாய்ப்பதுபோல் அமையும் இந்த அசைவு, நேரக்கணக்கின் நெருக்கடியிலிருந்து கிடைத்த பேறு.

தலை, கந்தகம் கலவாத எண்ணெய்க் களிமண்ணில் வடிக்கப்பட்டது. கந்தகம் உள்ள களிமண்ணின் மேல் பிளாட்டினம் வகைச் சிலிக்கானை ஊற்றினால் அது இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும் என்பது அச்சு எடுப்பவர்கள் அனைவரும் அறிந்தது. சிலிக்கான் அச்சும், அதைத் தாங்கும் ஃபைபர் கிளாஸ் கூடும் செய்து, உள்ளீடற்ற பிசின் வார்ப்பாகத் தலை எடுக்கப்பட்டது. தாடை தனி வார்ப்பு. அறுத்த கோட்டை மீசையும் தாடியும் மறைக்கும்படி வெட்டு அமைந்ததால் அசையும்போது இடைவெளி தெரிவதில்லை. இந்த வகை உருவங்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தாடியோ முக்காடோ இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒளி

கண்களுக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி. வைத்துவிடுவது ஐந்து நிமிட வேலை. அது திரையில் கண்டதுபோல் இல்லை என்று உணர்வதும் அதே ஐந்து நிமிடத்தில் நடந்துவிடும். 1988இன் பொருளில் இருந்திருக்கக்கூடியது எரியிழை பல்பு. இழை சூடேற நொடியின் ஒரு சிறு பகுதியாவது ஆகும், அணையும்போதும் செம்மையாக மங்கி அடங்கும். எல்.இ.டி. அப்படிப்பட்டதல்ல, எரிகிறது, அணைகிறது. மின்னோட்டத்தை மிக வேகமாக விட்டுவிட்டுத் தந்து, அந்தத் துடிப்பின் அகலத்தை மாற்றினால் அந்த மெல்லிய எழுச்சியைத் திரும்பப் பெறலாம். நேர்க்கோட்டில் கூட்டினால் கண்ணுக்குத் தொடக்கம் விரைவாகவும் முடிவு மந்தமாகவும் தோன்றும் என்பதால், அளவை 2.2 அடுக்கு வளைவில் கூட்ட வேண்டும். இன்னொன்றும் கவனத்துக்குரியது. நகலின் முன் நிற்கும் எல்லோரும் கைப்பேசியில் படமெடுப்பார்கள். ஆர்டுயினோ யூனோ என்ற சிறிய கட்டுப்பாட்டுப் பலகையின் வழக்கமான 490 ஹெர்ட்ஸ் துடிப்பு, காணொளியில் கருப்புப் பட்டைகளாக ஓடும். நேரக்கணிப்பியின் அமைப்பை மாற்றித் துடிப்பை 31 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தியதும் அது மறைந்தது. திரைப்படப் பொருளின் நகல் கேமராவுக்கு முன்னால் தோற்கக் கூடாது.

கட்டளைப் பலகைகள் 3 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக்கில் எழுத்து வெட்டிய கருப்புத் தாள் ஒட்டிச் செய்யப்பட்டன. எல்.இ.டி. பட்டைகள் 5 செ.மீ. பின்னால் இருந்தால்தான் எழுத்துகள் புள்ளிப் புள்ளியாக இல்லாமல் சீராக ஒளிர்கின்றன.

பெட்டியும் அட்டையும்

பெட்டி 18 மி.மீ. பிளைவுட். மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை மலிவு, வண்ணமும் நன்றாக ஏறும். ஆனால் கீழ் விளிம்பில் ஈரம் பட்டால் ஊதிவிடும், திருகாணி இருமுறை கழற்றி மாட்டினால் பிடிப்பு இழக்கும். முன்பக்கத்துக்குக் கண்ணாடியா அக்ரிலிக்கா என்ற கேள்விக்குப் படமே விடை தருகிறது: ஜோஷ் அந்த இயந்திரத்தை அடிக்கிறான், வருபவர்களும் அடிப்பார்கள். 60 செ.மீ. அகலமும் 90 செ.மீ. உயரமும் கொண்ட 6 மி.மீ. அக்ரிலிக் தகடு 4 கிலோவுக்கும் குறைவு. அதே அளவுக் கண்ணாடி 8 கிலோ, உடைந்தால் ஆபத்தும் கூட. அக்ரிலிக் எளிதில் கீறல் விழும் என்ற குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அட்டை வெளியேற்றும் பொறி பார்வைக்குப் படாதது, ஆனால் காட்சியின் முடிவு அதன் கையில் இருக்கிறது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளில் அச்சிட்ட அட்டையின் தடிமன் ஏறத்தாழ 0.4 மி.மீ. அடுக்கின் அடியிலுள்ள அட்டையை ஒரு தள்ளுதகடு முன்னே தள்ள, வாசலின் இடைவெளி 0.6 மி.மீ. இருந்தால் ஓர் அட்டை போகும், இரண்டு போகாது. மழைக்காலத்தில் ஈரப்பதத்தால் அட்டை வளைந்தால் இந்தக் கணக்கு கெடும். அடுக்கின் மேல் சிறிய ஈயக்கட்டி வைத்து அழுத்துவது போதுமான மருந்து. அட்டை முழுவதும் வெளியே வந்து விழக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எடுப்பது கேட்டவரின் கையாக இருக்க வேண்டும்.

பிளக்

படத்தில் இயந்திரம் மின்சாரம் இல்லாமல் இயங்குகிறது. முடிவில், சீ பாயின்ட் பார்க் என்று கதையில் பெயர் பெற்ற, உண்மையில் நியூயார்க் மாநிலத்தின் ரை நகரிலுள்ள பிளேலேண்ட் பூங்காவில் எடுக்கப்பட்ட காட்சியில், வளர்ந்த ஜோஷ் தானே பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீண்டும் சிறுவனாகும்படி கேட்கிறான். ஆகவே நகலில் பிளக் அலங்காரமாகத் தொங்கினால் மட்டும் போதாது. செருகியிருக்கும்போது அமைதியாக இருந்து, பிடுங்கியதும் விழித்துக்கொள்ள வேண்டும்.

இதைச் செய்ய நினைப்பவருக்கு முதலில் தோன்றும் வழி ஆபத்தானது. உள்ளே மின்கலமும் அதை வீட்டு மின்னழுத்தமாக மாற்றும் இன்வெர்ட்டரும் வைத்து, அதே பெட்டியிலிருந்து உண்மையான மின்கம்பியையும் வெளியே விட்டால், பிடுங்கிய பிளக்கின் வெற்றுத் தகடுகளில் 120 வோல்ட் நிற்க வாய்ப்புண்டு. அதைத் தொடப்போவது பெரும்பாலும் ஒரு குழந்தை. இந்த வழியை எந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டோடும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த நகலில் வீட்டு மின்சாரத்துக்கு இடமே இல்லை. எல்லாம் 12 வோல்ட்டில் இயங்குகிறது. பிளக்கின் தகடுகள் எதனுடனும் இணைக்கப்படவில்லை, ஒன்றோடொன்றும் தொடர்பில்லை. யாராவது அதை உண்மையான சாக்கெட்டில் செருகினாலும் ஒன்றும் நேராது. அதன் உடலுக்குள் ஒரு சிறு நியோடிமியம் காந்தம் இருக்கிறது. பெட்டியின் அடிப்பலகையிலேயே பொருத்திய போலி சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு ரீட் சுவிட்ச். காந்தம் அருகில் இருந்தால் சுவிட்ச் மூடியிருக்கும், விலகினால் திறந்துகொள்ளும். அந்த மாற்றத்தைக் கட்டுப்பாட்டுப் பலகை படித்துக்கொள்கிறது.

மின்கலம் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவுள்ள மூடிய ஈய-அமிலக் கலம். காகிதத்தில் அது 84 வாட்-மணி. சராசரிச் செலவு 20 வாட் என்று கொண்டு, கலத்தை அறுபது விழுக்காட்டுக்கு மேல் வடிக்கக் கூடாது என்ற நெறியையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம் வரும். வேகமாக வடிக்கும்போது கலத்தின் கொள்ளளவு குறையும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நம்பக் கூடாது. கலத்தின் நேர்முனையை ஒட்டி ஃபியூஸ் கட்டாயம்.

வரிசை

பிளக் பிடுங்கப்படுகிறது, ஒன்றும் நடப்பதில்லை. நாணயம் போடப்பட்டுத் தடத்தின் தலைப்பில் அகச்சிவப்புக் கதிரை மறிக்கிறது. அப்போதும் ஒன்றும் நடப்பதில்லை. படத்திலும் அப்படித்தான்: சிறுவன் எரிச்சலில் பெட்டியைத் தட்டிய பிறகே கண்கள் எரிகின்றன. பக்கப் பலகையின் உட்புறம் ஒட்டிய பீசோ வில்லை, தட்டலின் அதிர்வை உணர்கிறது. பலமாக அடிப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்பதற்காக அதன் உணர்திறன் மிகக் கூட்டிவைக்கப்பட்டது. விரல் முட்டியால் மெல்லத் தட்டினாலே போதும். யாரும் தட்டாமல் இருபது வினாடி கடந்தால் இயந்திரம் தானாகவே விழித்துக்கொள்ளும், ஏனென்றால் படத்தைப் பார்க்காதவர்களும் வருவார்கள்.

விழித்ததும் முதலில் கண்கள், பிறகு தாடையின் தாளம், பிறகு தடத்தைத் திருப்பச் சொல்லும் பலகை, அதன் பின் விருப்பத்தைக் கேட்கச் சொல்லும் பலகை. இந்த இரண்டாவது பலகை எரிந்த பிறகு பொத்தான் பல வினாடிகள் செயல்படாது. இயந்திரத்தின் முன் நிற்பவர் வெட்கப்படுவார், சுற்றிலும் பார்ப்பார், பிறகு முணுமுணுப்பார். அதற்கான நேரம் அது. எவ்வளவு நேரம் தரலாம் என்பதற்குச் சூத்திரம் கிடையாது. திரையில் அந்தச் சிறுவன் தயங்கும் அளவே இங்கும் வைக்கப்பட்டது. பொத்தான் அழுத்தப்பட்டதும் 12 வோல்ட் சொலினாய்டு, நாணயத்தைத் தடுத்து நிற்கும் ஊசியை இழுக்கிறது.

நாணயம் வாய்க்குள் போனால் தொண்டையிலுள்ள இரண்டாவது அகச்சிவப்புக் கதிர் அதை உறுதிசெய்கிறது. விளக்குகள் அணைந்து, சிறிது இருள் நிலவி, அட்டை வருகிறது. தவறினால் என்ன செய்வது என்பதற்குப் படத்தில் வழிகாட்டல் இல்லை. நாணயம் கீழே சாய்ந்த தளத்தில் உருண்டு முன்பலகையின் கிண்ணத்துக்குத் திரும்பி வரும்படி செய்யப்பட்டது. கேளிக்கை அரங்குக்காரர் இதை ஒப்ப மாட்டார். அவருடைய தொழில் தவறும் நாணயங்களை நம்பியது. ஆனால் இந்த நகல் வருமானத்துக்கானது அல்ல. தவறியவர் மறுபடி முயல்வதைத்தான் அதன் முன் கூடும் கூட்டம் மிகவும் விரும்பிப் பார்க்கிறது.

பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. தனிப்பட்ட மகிழ்ச்சிக்காக வீட்டில் நகல் செய்து வைத்துக்கொள்வதற்கும், அதே பெயரில் இயந்திரங்கள் செய்து விற்பதற்கும் இடையே சட்ட வேறுபாடு உண்டு. ஸோல்டார் என்ற பெயர் இன்று வணிகப் பயன்பாட்டில் உள்ளது. விற்கும் எண்ணமுடையவர் முதலில் வணிகக்குறி வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

இடம்விட்டு இடம் கொண்டுபோகும்போது தலையையும் தடத்தையும் தனியே கழற்றிவிட வேண்டும். செர்வோவின் பற்கள் மோட்டார் ஓடும்போது தாங்கும் விசையை, வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ஆடும் தாடையிடமிருந்து தாங்க மாட்டா. தாடைக்கும் மேல்வாய்க்கும் இடையே ஒரு துணிச்சுருளை வைத்து நாடாவால் கட்டி, தலையைக் குப்புறப் படாமல் நிமிர்த்தியே பெட்டியில் அடைக்க வேண்டும். தடத்தின் சரிவை ஒவ்வோர் இடத்திலும் மட்டக்கோல் வைத்துப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் தரை ஒரு பாகை சாய்ந்திருந்தாலும் நாணயம் கீழுதட்டைச் சந்திக்கும் இடம் மாறிவிடும். பெட்டியின் நான்கு கால்களிலும் திருகி உயர்த்தும் பாதங்கள் வைத்திருப்பது இதற்காகவே.